நடைமுறைவாதம் பழகுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி என்ற மூன்று அமெரிக்கர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தத்துவம் பிரக்மாட்டிசம். தமிழில் நடைமுறைவாதம் என்கிறோம். 1870களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் கூடிப் பேசிய ஒரு சிறு குழுவில் பர்ஸும் ஜேம்ஸும் இருந்தார்கள். வேர் அங்கே இருக்கிறது. பர்ஸ் அமெரிக்கக் கடலோர அளவைத் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பை அளப்பது அவருடைய பணிகளில் ஒன்று. அளந்து பழகிய கை எழுதிய தத்துவம் என்பதால், இதைப் படித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும்.

அடிப்படை விதி ஒன்றுதான். ஒரு கூற்றுக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால், அது உண்மையாக இருந்தால் எதைச் செய்தால் எது நடக்கும் என்று கேட்க வேண்டும். 1878இல் பர்ஸ் கொடுத்த உதாரணம் வைரம். வைரம் கடினமானது என்றால், மற்றப் பொருள்கள் பலவற்றால் அதைக் கீற முடியாது. கடினம் என்ற சொல்லுக்குள் இருப்பது அவ்வளவுதான். இரண்டு கூற்றுகள் எந்தச் சூழ்நிலையிலும் வேறு வேறு விளைவைத் தரவே முடியாது என்றால் அவை இரண்டும் ஒரே கூற்று. சண்டை சொல்லில் மட்டும் நடக்கிறது.

பழகுவதற்கு வேண்டியவை: ஒரு நோட்டு, உங்களை உண்மையிலேயே உறுத்தும் ஒரு கேள்வி, இரண்டு மூன்று வாரப் பொறுமை, உங்கள் பதிலை ஏற்காத ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இங்கே மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸிலோ பட்டர்வொர்த்திலோ வாசகர் வட்டமாகச் சேர்ந்து செய்தால் அந்த ஆள் தானாகக் கிடைத்துவிடுவார்.

முன்னால் வைத்துக்கொள்ள ஒரு மாதிரி

அமெரிக்க உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே நடந்தது ஒன்று இருக்கிறது. நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் தளர்ந்து ஆள் போய்விடுவார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களுக்கு அதிகம் வந்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கலரிசி. தீட்டி நாளான பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது பிராடனின் விளக்கம்.

கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்தார். 1905 டிசம்பர் 5ஆம் தேதி மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு விடுதி, இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு விடுதி. ஒரு பக்கம் வழக்கமான சயாம் பச்சரிசி, மறுபக்கம் இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்று. பச்சரிசிப் பக்கம் 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் 123 பேரில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கிச் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். முறையைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீங்கள் செய்யும் சோதனையில் இன்னொருவர் உடம்போ பணமோ சம்பந்தப்பட்டால், அவர் தெரிந்து சம்மதித்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

முதல் படி: ஐயம் உண்மையானதா என்று பாருங்கள்

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுத் தொடங்கலாம் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த்தின் வழியைப் பர்ஸ் 1868இலேயே மறுத்தார். மனத்தில் இல்லாத ஐயத்தைத் தாளில் எழுதிவைத்தால் விசாரணை நகராது. உண்மையான ஐயம் உறுத்தும். அடுத்து என்ன செய்வது என்று கை தயங்கும். டூயி இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். ஐயம் நம் மண்டைக்குள் மட்டும் இல்லை, நாம் நிற்கும் நிலைமையே குழம்பியிருக்கிறது என்றார்.

சோதிக்க எளிய வழி: "இந்தக் கேள்விக்குப் பதில் மாறினால் அடுத்த வாரம் நான் எதை வேறுவிதமாகச் செய்வேன்?" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வரிகூட எழுத வரவில்லை என்றால் வேறு கேள்வி எடுங்கள். "உலகம் மாயையா?" என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்துக்கு வருவதில்லை. "போன மாதத்தைவிடக் கரண்டு பில் ஏன் ஏறியது?" என்று தொடங்குகிறவர்கள் மூன்று வாரம் தாண்டி நிற்கிறார்கள். சிறிய கேள்வி என்று வெட்கப்பட வேண்டாம். முறை கைக்கு வந்த பிறகு பெரிய கேள்விக்குப் போகலாம்.

இரண்டாம் படி: சொல்லில் இருக்கும் சண்டையைக் கழியுங்கள்

பினாங்கில் எந்தக் கடை நாசி கண்டார் அசல் என்று இரவு முழுக்க வாதிடலாம். அசல் என்றால் பழைய கடையா, ஒரே குடும்பம் நடத்துவதா, குழம்பு கலக்கும் பக்குவமா என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் இருக்கும், வாதம் கரைந்துபோகும். ஜேம்ஸும் 1907 நூலில் இப்படித்தான், மரத்தில் ஒட்டிக்கொண்டு ஆளுக்கு எதிர்ப்பக்கமாகவே நகரும் அணிலை அந்த ஆள் சுற்றிவருகிறாரா இல்லையா என்ற சண்டையைத் தீர்த்துவைக்கிறார். கேள்வியில் இருக்கும் முக்கியச் சொல்லுக்கு அடியில் கோடிட்டு, அதை எதால் அளப்பீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கால் மணி நேரம் போதும்.

மூன்றாம் படி: போட்டி விளக்கங்களை எதிரெதிரே எழுதுங்கள்

மொத்த வேலையில் கனமான பகுதி இது. எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. எது உண்மையாக இருந்தால் அது இயல்பாகவே நடந்திருக்கும் என்று ஊகிப்பதைப் பர்ஸ் தனி வகை அனுமானமாகவே வைத்தார். ஊகம் விளக்கத்தைத் தரும், அதை நிரூபித்துவிடாது. அதனால் ஒரே ஊகத்தோடு நிற்கக் கூடாது. குறைந்தது மூன்று வேண்டும், அதில் ஒன்று உங்களை மறுக்கும் அந்த ஆள் சொன்னதாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே "இது சரி என்றால், இதைச் செய்தால், இது தெரியும்" என்ற அச்சில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எல்லா ஊகத்துக்கும் ஒரே வாக்கியம் வந்தால் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. அவை பிரியும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பெரிபெரிக்குத் திரும்பிப் பார்த்தால் இது விளங்கும். நோய் கட்டடத்தில் தங்கியிருக்கும் கிருமியால் வருகிறதா, அரிசியாலா என்பது முதல் கேள்வி. 1907இல் தொடங்கி, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குப் பச்சரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி. பச்சரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள்; நோய் அடங்கியது. மறு குழுவுக்குப் பச்சரிசி போனதும் நோயும் அங்கே போனது. அரிசி என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அரிசியில் நஞ்சு இருக்கிறதா, அரிசியில் ஏதோ ஒன்று இல்லாமல் போகிறதா? இதுவரை செய்த எந்தச் சோதனையிலும் இந்த இரண்டு விளக்கத்துக்கும் ஒரே விளைவுதான். இரண்டின்படியும் பச்சரிசி தின்றால் நோய், புழுங்கல் தின்றால் இல்லை. எங்கே பிரிகின்றன? பச்சரிசியையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டு, தீட்டும்போது கழிந்த தவிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிரிகின்றன. நஞ்சு என்றால் அது வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது; தவிடு சேர்த்து என்ன பயன்? குறை என்றால் தவிடு அதை நிரப்பிவிடும். கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தவிடு சேர்த்துத் தின்ற கோழிகள் பிழைத்தன. பிராடனின் நஞ்சு விழுந்தது. அவர் சொன்ன புழுங்கலரிசி நின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து உள்ளே அரிசிக்கு இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை என்பது பின்னால் தெரிந்த காரணம். அந்தச் சத்து தயமின். 1926இல் ஜாவாவில்தான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

நோய்நாடி நோய்முதல் நாடி என்ற வரிசையில் வள்ளுவர் சொல்கிறார். கோலாலம்பூரில் நோய் தணிக்கும் வழி முதலில் கிடைத்தது, நோய்முதல் இருபது ஆண்டு கழித்து வந்தது. நடைமுறைவாதிகளுக்கு இந்த வரிசைமாற்றம் உறுத்தாது. விளைவு சரியாக வந்ததை மட்டும் வைத்துப் பிராடனின் நஞ்சையும் சேர்த்து நம்பியிருந்தால்தான் அவர்களுக்கு உறுத்தியிருக்கும்.

நான்காம் படி: மலிவான சோதனையை முதலில்

எந்த ஊகத்தை முதலில் சோதிப்பது? நமக்குப் பிடித்ததை இல்லை, நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றுவதைக்கூட இல்லை. நேரமும் காசும் குறைவாகப் பிடிக்கும் ஊகத்தை முதலில் எடு என்பது பர்ஸின் ஆலோசனை. தப்பென்று சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் கழித்துவிடலாம்.

கரண்டு பில்லையே எடுத்துக்கொள்வோம். ஊகங்கள் நான்கு: பில் கணக்கிட்ட நாள்கள் கூடிவிட்டன; பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது; ஏர்கான் ஃபில்டர் அடைத்துக்கொண்டது; வயரிங்கில் கசிவு. ஏர்கான்காரரைக் கூப்பிட்டால் உடனே காசு செலவாகும். பில்லை எடுத்துப் பார்க்கக் காசு வேண்டாம். ரிங்கிட்டைப் பார்க்காதீர்கள், கிலோவாட் மணியைப் பாருங்கள். அதை நாள் கணக்கால் வகுங்கள். போன பில் 28 நாளுக்கு 308, இந்தப் பில் 32 நாளுக்கு 352 என்றால் இரண்டுமே நாளுக்கு 11. பயன்பாடு ஏறவே இல்லை, விசாரணை முடிந்தது. ரீடிங் நேரில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்பதையும் அதே தாளில் பார்த்துவிடலாம்.

நாள் கணக்கு சரியாக இருந்து, பயன்பாடு ஏறியிருந்தால் அடுத்தது பிரிட்ஜ். இரவு பத்து மணிக்கு மற்றதெல்லாம் அணைத்து, மீட்டர் எண்ணைக் குறியுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி குறியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வீட்டுப் பிரிட்ஜ் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவாட் மணி எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் போய்விட்டது. டிபி பெட்டியில் எல்லா சுவிட்சையும் இறக்கிய பிறகும் மீட்டர் நகர்ந்தால் அதற்கு மேல் நீங்கள் கை வைக்கக் கூடாது. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: சோதிக்கும் முன் எழுதுங்கள்

ஏர்கான் ஃபில்டரைக் கழுவினால் எத்தனை யூனிட் குறையும் என்று கழுவும் முன்பே எழுதி, தேதி போட்டு, மறுப்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். கழுவிய பிறகு எழுதினால் எந்த எண் வந்தாலும் அதுதான் எதிர்பார்த்தது போலத் தோன்றும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கழுவுவதற்கு முன் மூன்று இரவு, பின் மூன்று இரவு. அதே டெம்பரேச்சர், அதே மணி நேரம், அதே அறை. அந்த வாரம் சாயங்காலம் மழை கொட்டி வீடு குளிர்ந்திருந்தால் அந்த இரவைத் தனியாகக் குறித்துவையுங்கள். நம் ஊரில் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் மழையால்தான் கெடுகின்றன. ஃபில்டர் கழுவிய அதே வாரத்தில் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் கிளம்பிப்போனால் கணக்கு இன்னொரு வழியில் கெடும்: குளியலறை ஹீட்டர் 3.6 கிலோவாட் இழுக்கும், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 0.6 யூனிட். மூன்று பேர் குறைந்தாலே நாளுக்கு இரண்டு யூனிட் போலக் குறையும். அதை ஃபில்டரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஆறாம் படி: இப்போதைக்கு நிறுத்துங்கள்

விசாரணையின் முடிவை டூயி உண்மை என்ற பெரிய சொல்லால் குறிக்கத் தயங்கினார். இவ்வளவு சோதனைக்குப் பிறகு இதைச் சொல்ல நமக்கு ஆதாரம் இருக்கிறது என்ற அளவில் நிறுத்தினார். நோட்டில் முடிவை மூன்று வரியில் எழுதுங்கள்: என்ன கண்டோம், எந்தச் சோதனையால், எது நடந்தால் மறுபடி திறப்போம். மூன்றாவது வரி இல்லாத முடிவைக் குழுவில் ஏற்காதீர்கள். எந்த முடிவும் தவறாக இருக்கலாம் என்பதைப் பர்ஸ் கடைசிவரை விடவில்லை. விசாரணையின் பாதையை அடைக்காதே என்பது அவர் எழுதிவைத்த கட்டளை.

எங்கே வழுக்கும்

முதலாவது, "பயன் தந்தால் உண்மை" என்று சுருக்கிக்கொள்வது. ஜேம்ஸின் சில வாக்கியங்கள் அப்படிப் படிக்க இடம் கொடுத்தன. ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அதைப் பிடித்துக்கொண்டு கடுமையாகத் தாக்கினார். பர்ஸுக்கே அந்தப் போக்கு பிடிக்காமல் 1905இல் தன் கொள்கைக்கு வேறு பெயர் வைத்தார். பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கும் என்ற நம்பிக்கையை எடுங்கள். அது மனத்துக்குத் தெம்பு தருகிறதா என்பது ஒரு கேள்வி. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரீடிங் இறங்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. நம்பிக்கை பேசுவது ரத்தத்தைப் பற்றி என்பதால் ரீடிங்தான் அதற்குச் சோதனை. டாக்டர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒன்றுக்கு இரண்டாக மாற்றிவிட்டீர்கள், சோதனையும் கெட்டது, உடம்பும் கெடும்.

இரண்டாவது, முடிவை வேறு வழியில் நிலைநாட்டிவிடுவது. பர்ஸ் 1877இல் நான்கு வழிகளை வரிசைப்படுத்தினார்: பிடித்ததை விடாமல் பிடித்துக்கொள்வது, அதிகாரம் சொன்னதை ஏற்பது, அறிவுக்கு ஒத்துவருவதாகத் தோன்றுவதை ஏற்பது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒன்றிடம் போய்ச் சோதிப்பது. வாட்ஸ்அப் குழுக்களில் முதல் மூன்றும் ஒரே மாலையில் நடக்கும். ஒரு பழக்கம் உதவும்: குழுவில் யாராவது ஒரு கருத்தை வைத்ததும், எந்த வழியில் அது வந்தது என்று பக்கத்தில் ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண் போடுங்கள். பெரியவர்கள் சொன்னதற்கு இரண்டு போடத் தயங்க வேண்டாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவர் பிராடனின் சொல்லையும் சோதனைக்கு அனுப்பித்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது, சோதனைக்கே வராத கேள்விகளைக் கேவலமாக நினைப்பது. பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதை முன்னும் பின்னும் மூன்று இரவு வைத்துப் பார்க்க முடியாது. அங்கே முதல் மூன்று படிகள் மட்டும் உதவும். அதுவே பெரிய உதவி.

என்ன வரிசையில் படிப்பது

மூலக் கட்டுரைகள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசம். முதலில் கருத்துகளைத் தெளிவாக்குவது பற்றிப் பர்ஸ் 1878 ஜனவரியில் எழுதிய கட்டுரை. வைரம் அதில்தான் வருகிறது. பிறகு நம்பிக்கை நிலைபெறுவது பற்றி அதற்கு முன், 1877 நவம்பரில் எழுதியது. வெளிவந்த வரிசையில் படித்தால் முதல் கட்டுரையின் தர்க்கப் பேச்சிலேயே பலர் களைத்துவிடுகிறார்கள். அடுத்து ஜேம்ஸின் 1907 நூலில் உள்ள சொற்பொழிவுகளில் இரண்டாவதும் ஆறாவதும். அதன் பின் டூயி சிந்தனையைப் பற்றி 1910இல் எழுதிய நூலின் ஆறாம் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தைச் சமையலறையில் வைத்துப் படியுங்கள். சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிய கண்ணாடித் தம்ளரைத் தட்டில் கவிழ்த்தால் விளிம்புக்கு வெளியே குமிழி வரும், கொஞ்ச நேரத்தில் அதே குமிழி உள்ளே போகும். ஏன் என்று டூயி படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். அவர் சொல்வதைப் படிக்கும் முன் மூன்று ஊகம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சோதனை எழுதுங்கள், தம்ளரைக் கழுவிச் செய்து பாருங்கள், அப்புறம் பக்கத்தைத் திருப்புங்கள். கவிழ்த்த தம்ளரின் மேல் ஒரு துண்டு ஐஸ் வைத்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

விசாரணையின் தர்க்கம் பற்றி டூயி 1938இல் எழுதிய பெரிய நூலை முதல் ஆண்டில் எடுக்க வேண்டாம். நோட்டில் ஐந்தாறு விசாரணைகள் முடிந்து, அவற்றில் ஒன்றாவது மறுபடி திறக்கப்பட்ட பிறகு எடுத்தால், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உங்கள் நோட்டிலேயே காட்ட முடியும்.